சந்தனம் வைத்த ரிதம் பாக்ஸ்

அத்தியாயம் 14

கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத வீட்டில் மாமியார்தான் தபால்காரர். ஓசூர் அலசநத்தம் ரோட்டில் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் பதினாறு நாளாக அந்த உத்தியோகத்தைக் காளியம்மாள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, காப்பி ஆறுதுன்னு சொல்லுங்க."

"எய்யா, காப்பி ஆறுதாம்."

"குடிச்சாச்சுன்னு சொல்லும்மா."

"குடிச்சிட்டானாம்."

மூன்று பேருக்கும் நடுவில் இருந்த தூரம் நாலு அடி.

‘எங்க ஊர்ப் பொண்ணை அவ புருஷனோட எப்பத்தான் பேச வைப்பீங்க?’ என்று கல்லாவியிலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். அம்மா, நானும் வாராவாரம் முயன்றுதான் பார்க்கிறேன். இரண்டும் அப்படிப்பட்ட ஜென்மங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சௌந்தரராஜன் சிப்காட்டில் லாரி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப், நாலாம் நம்பர் மிஷின். போன சித்திரையில் வேலையை விட்டுவிட்டு, ஜூஜுவாடியில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் அக்பர் பாஷாவின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்துகொண்டான். குழுவின் டிரம்மர் பெங்களூர் ஹோட்டல் ஒன்றுக்கு ஓடிப்போன நேரம். அந்த இடத்தில் சௌந்தரராஜன் ஒரு பெட்டியோடு போய் நின்றான்.

ஜப்பான் பெட்டி. பெங்களூரில் பழையதாக வாங்கியது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே முழுக்கப் பொத்தான்களும் குமிழ்களும். டிரம், தபேலா, டோலக், கைத்தட்டல் எல்லாம் அதற்குள் இருந்தன. எந்தப் பாட்டுக்கு எந்தத் தாளம் என்று ஒருமுறை உட்கார்ந்து போட்டுவைத்துவிட்டால், மேடையில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். குழுவில் எல்லோரும் அதை ரிதம் பாக்ஸ் என்றார்கள். காளியம்மாள் ‘கொட்டுப் பொட்டி’ என்றாள். சௌந்தரராஜனின் மனைவி தங்கமணி அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. பதினாறு நாளுக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"அந்தப் பெட்டிய எவனாவது தூக்கிட்டுப் போனாத்தான் இந்தக் குடும்பம் உருப்படும்!"

பிரஸ் ஷாப் ஃபோர்மேன் மாரிமுத்து வீடு தேடி வந்து, "மறுபடியும் வந்துடு, இடம் இருக்குது" என்று கூப்பிட்டபோது சௌந்தரராஜன் மாட்டேன் என்று சொன்னான் அல்லவா, அன்றைக்கு வந்த கோபம் அது.

அவனும் சும்மா இருக்கவில்லை. "ஆயுத பூஜைக்கு அதே ஃபேக்டரி கிரவுண்டுல எங்க ப்ரோக்ராம். அன்னைக்கு ஒழுங்கா வரலைன்னா மறுநாளே போய் கார்டு பஞ்ச் பண்றேன். பொட்டியப் பரண்ல போட்டுடறேன், போதுமா?" என்றான்.

அந்த ஆயுத பூஜை இன்றைக்குத்தான்.

காலை ஆறு மணிக்கே சௌந்தரராஜன் ஸ்பீக்கர் ஏற்ற ஜூஜுவாடிக்குப் போய்விட்டான். காளியம்மாள் தலை குளித்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு, வீட்டிலிருந்த சாமான்களை வரிசையாக வைத்தாள். அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்பேனர். அதன் பக்கத்தில் தங்கமணியின் சின்ன இடுக்கி, ட்வீசர்.

தங்கமணி வாட்ச் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருக்கிறாள். டிரெயினிங்கில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்த ட்வீசர் அது. ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான கடிகாரங்களுக்கு பேட்டரி வைக்கிற கை அவளுடையது. செல் உள்ளே, மூடியைப் போடு, முள் ஓடுகிறதா பார், அடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

"அவன் தொழில் சாமான் எங்கத்தா?" என்றாள் காளியம்மாள்.

"எது அத்தை?"

"அதேன், அந்தக் கொட்டுப் பொட்டி. அதையும் கொண்டா. தொழில்னு ஆயிப்போச்சு, அது மட்டும் எதுக்கு அநாதையா மூலையில கெடக்கணும்?"

தங்கமணிக்கு ஆச்சரியம். ஆறு மாதமாக அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காத மாமியார்.

ஆனால் மனம் மாறியது மாமியாருக்கு மட்டுமில்லை. முந்தாநாள் நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தபோது தங்கமணி வாசலிலேயே நின்றுவிட்டாள். சௌந்தரராஜன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். விரல்கள் பொத்தான்மேல் ஓடின. சுவரில் தொங்கிய கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். பதினோரு வருடம் பிரஸ் ஷாப்பிலிருந்து திரும்பி வந்த மனுஷனிடம் அந்தச் சிரிப்பை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இதையா தூக்கிட்டுப் போகட்டும்னு சொன்னேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பெட்டியின் சின்னத் திரையில் மினுக்கிய இரண்டு சொற்களைக் கவனித்தாள். ‘பேட்டரி லோ.’

உலகத்தில் வேறு எந்த இங்கிலீஷ் வார்த்தை தெரியாவிட்டாலும் அந்த இரண்டும் அவளுக்குத் தெரியும்.

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாட்ச் கடையில் அதற்கேற்ற செல் ஒன்று வாங்கிவந்தாள். இன்று காலை, பூஜைக்குப் பெட்டியைத் துடைக்கிற சாக்கில், அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். உள்ளே காசு மாதிரி செல் பளபளத்தது. பழையது வெளியே, புதியது உள்ளே. தூசியை ஊதினாள், மூடினாள். பழைய செல்லைக் கர்ச்சீப் முனையில் முடிந்துகொண்டாள். ‘பேட்டரி யாரு மாத்தினது?’ என்று அவன் கேட்பான். அந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லலாம், மாமியாரைத் தபால் அனுப்ப வேண்டியதில்லை. அவளுடைய திட்டம் இவ்வளவுதான்.

பத்து மணிக்கு சௌந்தரராஜன் வந்தான். பலகை நடுவில், நாலு மூலையிலும் சந்தனம் குங்குமத்தோடு, தலையில் ஒரு சாமந்திப் பூவோடு அவனுடைய ரிதம் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. பார்த்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்மா... நீயா வெச்சே?"

"பின்ன, எவ வைப்பா? சூடம் காட்டியாச்சு. மேடையேறுத வரைக்கும் சுவிட்சைப் போடாத. பூசையில வச்ச சாமானை ஒடனே பொழங்கக் கூடாது. கும்பிட்டு எடுத்துட்டுப் போ."

அவன் கும்பிட்டு எடுத்தான். சுவிட்சைப் போடவில்லை. அம்மா சொன்ன ஒரு வார்த்தையைத் தட்டாமல் கேட்ட நாள் பார்த்தா இப்படி ஆக வேண்டும்!

நாலு மணி. ஃபேக்டரி கிரவுண்டில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கேட்டில் வாழைமரம், தரையில் உடைந்த பூசணிக்காய், எல்லோர் கையிலும் பொரிகடலைப் பொட்டலம். வருடத்தில் பிரஸ் ஷாப் மூச்சு விடாமல் கிடக்கிற ஒரே நாள். மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு மெயினை இறக்கிவிட்டார்கள். காளியம்மாளும் தங்கமணியும் மேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

சௌந்தரராஜன் வயர்களைச் சொருகி, சாமியை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான்.

முதல் பாட்டைத் தட்டினான். சத்தமே இல்லை. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. அவன் போட்டுவைத்த எல்லாப் பொத்தான்களும் வாயை மூடிக்கொண்டிருந்தன. கம்பெனிக்காரன் போட்டனுப்பியிருந்த ஏதோ வெள்ளைக்காரன் டான்ஸ் தாளம் மட்டும் வந்தது.

"என்னா தம்பி?" என்று வந்தார் அக்பர் பாஷா. வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க, கையில் பாட்டுப் பட்டியல்.

"பாய்... எல்லாம் போச்சு. இருபத்திரெண்டு பாட்டு. ஒண்ணுகூட இல்லை."

"யா அல்லா! ஆறு மணிக்கு ப்ரோக்ராம். மேனேஜர் ஃபேமிலியோட வர்றார்பா!"

சௌந்தரராஜன் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தான். பொத்தான் இடுக்கில் காய்ந்த சந்தனம். அவன் முகம் மாறியது. இரண்டே எட்டில் அம்மா முன்னால் வந்து நின்றான்.

"எவ்வளவு தண்ணி தெளிச்சே? சந்தனத்தைக் கரைச்சு ஊத்தினியா? கரண்ட் சாமான்மா இது! அரிவாள்மனைன்னு நெனச்சியா? ஆறு மாச வேலை... எல்லாம் போச்சு!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காளியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நாந்தேன்யா... நாந்தேன் கெடுத்துப்புட்டேன். நல்லா இருக்கட்டும்னுதானய்யா வச்சேன். இந்தக் கைய வெட்டிப் போடுய்யா..."

வலது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சும்மா இல்லை, பலமாக.

அதற்குள் பாஷா கேட்டார், "தண்ணி போயிருந்தா மிஷினே ஓடாதே தம்பி? ஓடுதே?"

"அதான் தெரியலை பாய். உள்ள இருக்கிற பேட்டரியைக் கழட்டினா எப்படி அழிஞ்சுபோகுமோ, அப்படி அழிஞ்சு கெடக்கு. பேட்டரி வீக்காதான் இருந்துச்சு. பெங்களூர் கடைக்காரர், ‘நீங்க கை வைக்காதீங்க, பூஜை முடிஞ்சு கொண்டாங்க, எல்லாத்தையும் வேற மிஷின்ல எடுத்து வெச்சிட்டு மாத்தித் தரேன்’னு சொல்லியிருந்தார்."

தங்கமணியின் கை கர்ச்சீப் முடிச்சைத் தேடிப் பிடித்தது.

கடிகாரத்துக்கு ஞாபகம் கிடையாது. பேட்டரியை எடுத்தால் நிற்கும், போட்டால் ஓடும், நேரத்தைத் திருப்பி வைத்தால் முடிந்தது. ஒரு பெட்டி தன் ஞாபகம் முழுவதையும் அந்தக் காசளவு செல்லை நம்பி வைத்திருக்கும் என்று எந்த லைனில் சொல்லிக்கொடுத்தார்கள்? வீட்டில் பேச்சு வார்த்தை இருந்திருந்தால், கடைக்காரர் சொன்னதை அவனாவது சொல்லியிருப்பான். அந்தப் பதினாறு நாள் மௌனத்தில் பாதி அவளுடையது, பாதி அவனுடையது.

கர்ச்சீப் முடிச்சு உள்ளங்கையில் உறுத்தியது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சந்தனத்தோடு பழி முடிந்துவிடும்.

சொன்னால்? ‘எவனாவது தூக்கிட்டுப் போனாத்தான் உருப்படும்’ என்று சொன்ன வாய் இது. இன்றைக்கு நிகழ்ச்சி கெட்டால் நாளை அவன் கார்டு பஞ்ச் பண்ண வேண்டும். அவன் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவளே அவள்தான். அவள் அன்பாகச் செய்தாள் என்று யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

காளியம்மாள் இன்னொரு முறை நெற்றியில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். தங்கமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை மேல தப்பு இல்லீங்க."

பதினாறு நாளுக்குப் பிறகு அவனைப் பார்த்து நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கர்ச்சீப்பை அவிழ்த்து செல்லை நீட்டினாள்.

"நான்தான் காலைல பேட்டரி மாத்தினேன். லோன்னு காட்டுச்சு. வாட்சு மாதிரியே நெனச்சிப்புட்டேன்."

சௌந்தரராஜன் செல்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"வேணும்னே..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"இல்லீங்க." அவளுக்கு அழுகை வந்தது.

"ஏலே, அந்தப் புள்ளைய அப்படிப் பாக்காத!" என்றாள் காளியம்மாள். தன் நெற்றி சிவந்திருந்தது அவளுக்கு மறந்தே போயிற்று. "ஒளிச்சு வச்சிருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்குமா? எனக்காவத்தான அவ வாயத் தொறந்தா?"

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையேறிவிட்டான். நம்பினானா இல்லையா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது? "ஒவ்வொரு தாளத்தையும் போட்டதும் உள்ள ஏத்தி வெக்கணும் பாய், ஏத்தாம மெயினை அணைச்சா போயிடும்" என்று அவன் பாஷாவிடம் சொன்னது மட்டும் தங்கமணி காதில் விழுந்தது.

ஆறு மணிக்குக் கூட்டம் நிரம்பிவிட்டது. முதல் வரிசையில் மேனேஜர் குடும்பம். அடுத்த வரிசையில் மாரிமுத்து. கடவுள் வாழ்த்தை கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிட்டார்கள். அடுத்தது ஆட்டப் பாட்டு. பாடகி சரஸ்வதி மைக்கைப் பிடித்துக்கொண்டு சௌந்தரராஜனைப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்தில் அவனால் மூன்று பாட்டுக்குத்தான் தாளம் போட முடிந்திருந்தது. அதில் இந்தப் பாட்டு இல்லை.

பின்வரிசையில் விசில் பறந்தது. "பாட்டப் போடுங்கப்பா! பொரி தீர்ந்துபோச்சு!"

பாஷா மேடை ஓரத்திலிருந்து பட்டியலை விசிறிபோல் ஆட்டினார். சௌந்தரராஜன் நிமிர்ந்தான். கூட்டத்துக்குப் பின்னால் பிரஸ் ஷாப் கதவு திறந்திருந்தது. உள்ளே நாலாம் நம்பர் மிஷின், கழுத்தில் மாலையோடு. பதினோரு வருடம் தினமும் எட்டு மணி நேரம் காதில் அடித்த சத்தம் அவனுக்குத் தெரியாதா?

பெட்டியில் பதினாறு பொத்தான், வரிசையாக. விளக்கு ஒன்றிலிருந்து பதினாறு வரை ஓடிவிட்டு மறுபடி ஒன்றுக்கு வரும். எந்தப் பொத்தானை அமுக்குகிறோமோ, விளக்கு அங்கே வரும்போதெல்லாம் அடி விழும். அவன் ஒன்றை அமுக்கினான்.

தும்.

விளக்கு ஓடிவந்தது. தும். கூட்டம் ‘என்னடா இது’ என்று பார்த்தது. இன்னொரு பொத்தான். தும்... டக். தகட்டை வைக்கிற சத்தம். இன்னும் இரண்டு. டக்-டக், இரண்டு கையாலும் பொத்தானை அமுக்குகிற சத்தம். பிறகு ஒரு குமிழைத் திருகினான். காற்று அடித்துத் தகடு வெளியே விழுகிற ‘உஸ்ஸ்’.

தும், டக், டக்-டக், உஸ்ஸ்.

பத்தாவது வரிசையில் ஒருத்தர் எழுந்து நின்றார். "டேய்! நம்ம நாலாம் நம்பர்டா!"

அவ்வளவுதான். பிரஸ் ஷாப் ஆட்கள் முப்பது பேரும் எழுந்துவிட்டார்கள். கையால் தகடு வைத்தார்கள், இல்லாத பொத்தானை அமுக்கினார்கள், ‘உஸ்ஸ்’ வரும்போது எல்லோரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தார்கள். சௌந்தரராஜன் அதன்மேல் டோலக்கைச் சேர்த்தான், கைத்தட்டலைச் சேர்த்தான், குமிழைத் திருகி எல்லாவற்றையும் அடக்கிவிட்டு ‘தும்’மை மட்டும் விட்டான். கூட்டம் காத்திருந்தது. திரும்ப அவிழ்த்துவிட்டான். கூரைத் துணி அதிர்ந்தது. சரஸ்வதி சரியான இடம் பார்த்துப் பாட்டை எடுத்தாள். எப்படி எடுத்தாளோ, அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு மாலை போட வேண்டும்.

காளியம்மாள் தங்கமணியின் தொடையைத் தட்டினாள். "பாத்தியாத்தா? பொட்டி பேசுதுல்ல?"

தங்கமணி பெட்டியைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்த அந்தச் சிரிப்பு மேடையில் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு முடிந்தது. கடைசியாக மறுபடியும் நாலாம் நம்பர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பாஷா வந்து அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "அட்டிபெலேல ரெண்டு ஃபேக்டரி இதையே கேக்குது தம்பி! அந்த அடி, அதே அடி வேணுமாம்!" மாரிமுத்துவும் மேடைக்குக் கீழே வந்து நின்றார். "நாளைக்கு எட்டு மணிக்கு ஆஃபீஸ்ல என்னைய வந்து பாரு. மேனேஜர் சொன்னாரு" என்றவர், எதற்கு என்று சொல்லாமலே போய்விட்டார்.

சௌந்தரராஜனைச் சுற்றி ஒரே கூட்டம். கை குலுக்கல், முதுகில் தட்டல். தங்கமணிப் பக்கம் அவன் இன்னும் திரும்பவில்லை.

மேடைக்குப் பின்னால் சவுண்டு சர்வீஸ் கரியப்பன் வயரைச் சுருட்டியபடி மெயின் போர்டை நோக்கி நடந்தான். "ஆயித்தா சார்? ஆஃப் மாட்லா?"

முடிந்ததா, அணைக்கட்டுமா என்று அவன் கன்னடத்தில் கேட்டது பேச்சு சுவாரஸ்யத்தில் யார் காதிலும் விழவில்லை. கரியப்பன் சுவிட்சில் கையை வைத்தான்.

"அண்ணா, நில்லுங்க!"

தங்கமணி ஓடினாள். செருப்பு ஒன்று நாற்காலியடியிலேயே நின்றுவிட்டது. கரியப்பனைத் தள்ளிவிட்டு, போர்டின் குறுக்கே இரண்டு கையையும் வைத்து நின்றாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கத்தினாள்.

"என்னாங்க! அதை உள்ள ஏத்தி வெச்சிட்டீங்களா?"

சௌந்தரராஜன் திரும்பினான். போர்டையும், அதை மறைத்திருந்த இரண்டு கைகளையும், ஒற்றைச் செருப்பையும் பார்த்தான். ஆட்டபாட்டத்தில் அவன் சுத்தமாக மறந்திருந்தான். கரியப்பன் கை ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால் நாலாம் நம்பரும் போயிருக்கும்.

"இல்ல" என்றான்.

"அப்ப மொதல்ல ஏத்துங்க. அதுக்குள்ள யாரும் இங்க கை வைக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டியிடம் போய் இரண்டு பொத்தானை அமுக்கினான். திரை ஒருமுறை மினுக்கிவிட்டு நின்றது.

"ஏறிடுச்சு" என்றான். பிறகு, அம்மாவைத் தூது அனுப்பாமல், அவளையே பார்த்துக் கேட்டான். "இனிமே போகாதில்ல தங்கம்?"

தங்கமணி போர்டிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. வாயில் வந்தது வேலை தெரிந்தவள் பதில்தான்.

"புது பேட்டரிங்க. அஞ்சு வருசத்துக்கு அசையாது."

சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். மெயின் சுவிட்சைத் தானே இறக்கினாள்.